வீட்டில் ஒருவருக்கு உண்ணல் கோளாறு இருக்கும்போது தீபாவளியை நடத்துவது எப்படி?

தீபாவளி நெருங்கும்போது நம் வீடுகளில் பேச்செல்லாம் பலகாரத்தைச் சுற்றியே நடக்கிறது: முறுக்குக்கு எவ்வளவு மாவு அரைப்பது, அதிரசத்துக்கு எப்போது பாகு வைப்பது, யார் வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தனுப்புவது. உண்ணல் கோளாறோடு போராடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்த நாட்கள் ஆண்டிலேயே மிகக் கடினமானவையாக அமைந்துவிடக்கூடும். நோய் இன்னதென்று அண்மையில்தான் தெரியவந்து, சிகிச்சை தொடங்கிய பிறகு வரும் முதல் பண்டிகையை எப்படிக் கடப்பது என்று தவிக்கும் பெற்றோர், கணவன், மனைவி, உடன்பிறந்தோர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும் என்றாலும், நாள் முழுவதும் தின்பண்டமும் விருந்தாளிகளும் கலந்து வருகிற தீபாவளியையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர்கள் ‘ஈட்டிங் டிஸார்டர்’ என்று எழுதிக் கொடுக்கும் இது பல வடிவங்களில் வரும். உடல் பருத்துவிடுமோ என்ற தீராத அச்சத்தில் உணவைக் குறைத்துக்கொண்டே போவது அனோரெக்சியா. கட்டுப்பாடிழந்து ஏராளமாக உண்டுவிட்டு, பிறகு வாந்தி, பேதி மருந்து, பட்டினி, கடுமையான உடற்பயிற்சி என்று ஏதாவது ஒன்றால் அதை ஈடுகட்ட முயல்வது புலிமியா. அப்படி ஈடுகட்டாமல், அடிக்கடி கட்டுப்பாடிழந்து உண்டு, வெட்கத்தில் குமைந்துபோவது பிஞ்ச் ஈட்டிங். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இதைத் தனி நோயாக ஏற்றது. எடையைப் பற்றிய கவலையே இல்லாமல், உணவின் பதமோ மணமோ தாங்காமல், அல்லது தொண்டையில் சிக்கிக்கொள்ளுமோ என்ற பயத்தால், விரல்விட்டு எண்ணக்கூடிய உணவுகளை மட்டும் ஏற்பவர்களும் உண்டு. இந்த நோய் ஆண்பிள்ளைகளுக்கும் வரும், நடுவயதிலும் வரும், உடலைப் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடித்துவிட முடியாது.

இதைப் பிடிவாதம் என்றோ அழகு மோகம் என்றோ குடும்பத்தில் யாராவது இன்னும் நினைத்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கு ஒரு பழைய ஆய்வை எடுத்துச் சொல்லலாம். 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களைச் சுமார் ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் சிடுசிடுப்பானவர்களாகவும் சோர்ந்தவர்களாகவும் மாறினார்கள், நண்பர்களை விட்டு விலகினார்கள், நாள் முழுக்க உணவையே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள், ஒரு தட்டுச் சோற்றை மணிக்கணக்கில் வைத்து உண்டார்கள். மீண்டும் உணவு கிடைத்தபோது அவர்களில் சிலரால் நிறுத்தவே முடியவில்லை. பட்டினி மனத்தையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. உங்கள் மகள் மற்றவர்களுக்காகப் பார்த்துப் பார்த்து மைசூர்பாகு கிளறிவிட்டுத் தான் ஒரு துண்டுகூட வாயில் வைக்காமல் இருப்பதும் அந்த நோயின் வேலையே.

மூன்று வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள்

பண்டிகை வாரத்தில் புறநோயாளிப் பிரிவும் தனியார் கிளினிக்குகளும் சில நாள் மூடியிருக்கக்கூடும் என்பதால், அதற்கு முன்பே ஒரு சந்திப்பை முடித்துவிடுங்கள். இரத்தப் பரிசோதனை தேவையா, ஊருக்குப் பயணம் செய்யும் அளவுக்கு உடல் தேறியிருக்கிறதா, மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது, நெருக்கடி வந்தால் யாரை அழைப்பது ஆகிய நான்கையும் கேட்டு எழுதி வாங்குங்கள். அடிக்கடி வாந்தியோ பேதியோ எடுப்பவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்; வெளியிலிருந்து பார்க்க அவர்கள் நன்றாகவே தோன்றுவார்கள்.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வெகுநாள் மிகக் குறைவாக உண்டவரைப் பண்டிகையன்று எப்படியாவது வயிறு நிறையச் சாப்பிட வைத்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய மாவுச்சத்து உள்ளே போனால், இரத்தத்தில் பாஸ்பேட் முதலிய உப்புகள் சடாரென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிறைமுகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களிடம் மருத்துவர்கள் கண்டது இதுதான். எவ்வளவு, எந்த வேகத்தில் கூட்டுவது என்பதை மருத்துவரும் உணவியல் நிபுணரும் முடிவு செய்யட்டும்.

அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்

சாப்பாட்டு நேரம் அல்லாத ஒரு வேளையில், வேறு யாரும் குறுக்கிடாத இடத்தில் இந்தப் பேச்சு நடக்கட்டும். ‘இந்தத் தீபாவளியில உனக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கும்னு நினைக்கறே?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்த்த பதில் வராது. பலகாரம் அவருக்கு இரண்டாம் பட்சமாக இருக்கலாம். பெரியப்பா எல்லார் முன்னிலையிலும் ஏதாவது சொல்வாரே என்பதும், ரவிக்கைக்கு அளவு கொடுக்கத் தையல்காரரிடம் போக வேண்டுமே என்பதும் முதலில் வரலாம்.

அந்தப் பேச்சிலேயே மூன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். சாப்பிடும்போது பக்கத்தில் யார் உட்காருவது, தாங்க முடியாமல் போனால் எந்தச் சைகையைக் காட்டுவது, அப்போது எந்த அறைக்கு அல்லது எந்த மாடிக்கு ஒதுங்குவது. துணையாக ஒரே ஒருவர் போதும். வீட்டில் உள்ள எல்லாரும் மாறி மாறிக் கவனித்தால் அது கண்காணிப்பாகிவிடும்.

பண்டிகையையே ரத்து செய்துவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். என் கருத்தில் அது வேண்டாம். தன்னால் வீட்டுக்கே தீபாவளி இல்லாமல் போயிற்று என்ற குற்றவுணர்வை அவர் சுமக்க நேரும். அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்: நாலு வீட்டுக்குப் போவதற்குப் பதில் ஒரு வீடு, மூன்று நாள் தங்குவதற்குப் பதில் ஒரு பகல்.

கடிகாரத்தைக் காப்பாற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். வழக்கமான நாளில் எந்தெந்த நேரத்தில் சாப்பாடும் இடைப்பலகாரமும் நடக்கின்றனவோ, அதே நேரத்தில் தீபாவளியன்றும் நடக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த சிகிச்சைமுறை புலிமியாவுக்கு முதலில் கையில் எடுப்பது இந்த ஒழுங்கைத்தான்: மூன்று வேளை உணவு, இரண்டு மூன்று இடைப்பலகாரம், நடுவே நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வது. இடைவெளி நீண்டால் கட்டுப்பாடிழந்து உண்பவருக்கு அந்த வேகம் கூடுகிறது. உணவை ஒடுக்குபவருக்கோ ஒரு வேளையைத் தாண்டிவிட்டோம் என்ற நிம்மதி அடுத்த வேளையையும் தாண்டச் சொல்கிறது.

ஆனால் நம் தீபாவளி நாளுக்குக் கடிகாரமே கிடையாது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, எண்ணெய் வைத்துக் குளித்து, வெறும் வயிற்றில் லேகியம் தின்று, புதுத்துணி உடுத்தி, பட்டாசு வெடித்து, வருகிறவர்களோடு சேர்ந்து கைக்கு வந்ததைக் கொறித்து, இட்லியை எட்டுக்கோ பத்துக்கோ சாப்பிட்டு, மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு மேல் போய்விடுகிறது. இதற்கிடையில் ஒருவர் உண்மையில் எதுவுமே சாப்பிடவில்லை என்பதோ, ஓயாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்பதோ யார் கண்ணிலும் படாது. ஆகவே முந்தைய நாளே ஒரு தாளில் நேரங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் எல்லாருக்கும் சாப்பாடு தாமதமானாலும், துணையாக இருப்பவரும் அவரும் அந்த நேரத்தில் உட்கார்ந்துவிடலாம். சமையல் முடியவில்லை என்றால் தயிர்சாதம் போதும். பாயசம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

எண்ணெய்க் குளியலைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. மிகக் குறைவாக உண்பவர்களுக்கு நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் தாழ்ந்திருப்பதுண்டு. விடியலில் வெறும் வயிற்றோடு வெந்நீரில் குளித்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் மயக்கம் வரலாம். குளிப்பதற்கு முன் பால் போல ஏதாவது குடிக்கச் சொல்லுங்கள். குளியலறைக் கதவைத் தாழிடாமல் சாத்தி மட்டும் வைக்கச் சொல்லுங்கள்.

உறவினர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்

நம்மவர்கள் பாசத்தை உடம்பைப் பற்றிய விசாரிப்பாகத்தான் காட்டுகிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ‘என்னடி இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்டே?’ என்று கேட்டால், நோயுற்றிருப்பவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு இன்னும் ஒடுங்கக்கூடும். ‘இப்பதான் முகத்துல களை வந்திருக்கு, கொஞ்சம் பூசினாப்பல நல்லா இருக்கே’ என்று சொன்னாலோ, தேறிவரும் ஒருவர் அன்று மாலையே உணவை நிறுத்திவிடக்கூடும். இரண்டும் அன்பில் சொன்னவைதான். அதனால்தான் சொல்பவர்மீது கோபப்படுவதைவிட முன்னதாகவே சொல்லி வைப்பது மேல் என்கிறேன். எதைச் சொன்னால் நல்லது என்ற பட்டியலைக் கொடுக்காதீர்கள். உடம்பைப் பற்றியும் தட்டைப் பற்றியும் எதுவுமே வேண்டாம் என்ற ஒரே விதியைக் கொடுங்கள்.

நோயின் பெயரை உறவினர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நோயுற்றவரே தீர்மானிக்க வேண்டும். பெயரைச் சொல்லாமலும் பேச முடியும். தொலைபேசியில் இப்படிச் சொல்லலாம்: ‘சித்தி, ஒரு உதவி பண்ணணும். இவளுக்கு உடம்புக்கு ட்ரீட்மென்ட் நடந்துட்டிருக்கு. சாப்பாட்டைப் பத்தியும் உடம்பைப் பத்தியும் யாரும் பேச வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். நீங்க எப்பவும் போல காலேஜைப் பத்தி, சினிமாவைப் பத்திப் பேசுங்க. தட்டுல நான் பாத்துப் போட்டுக்கறேன்.’ மருத்துவர் சொன்னார் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இன்னும் மதிப்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தயங்க வேண்டாம். பாட்டி போன்ற மூத்தவர்களுக்கு ஒரு வேலையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் நல்லது. ‘அவளுக்கு நீங்க கோலம் சொல்லிக் குடுங்க பாட்டி’ என்றால், ஊட்டிவிட நீளும் கைக்கு வேறு ஒரு வழி கிடைக்கும்.

இவ்வளவு சொல்லியும் யாராவது சொல்லிவிடுவார்கள். ‘ஒரு ஜாங்கிரி சாப்பிட்டா என்ன ஆயிடும்?’ என்ற குரல் எழுந்தவுடன், துணையாக இருப்பவர் நோயுற்றவருக்கு முன்பாகவே வாயைத் திறக்க வேண்டும். ‘அத்தை, அவளுக்கு வேணும்கறது எடுத்துப்பா. ஆமா, உங்க வீட்டு கிரகப்பிரவேசம் எப்ப?’ என்று பேச்சைத் திருப்பினால் போதும். அங்கேயே விளக்கம் சொல்லத் தொடங்கினால் கூடம் முழுவதும் அவரைத் திரும்பிப் பார்க்கும்.

வீட்டில் இருப்பவர்களின் நாக்கும் இதில் அடக்கம். ‘ஐயோ, இன்னிக்கு மூணு லட்டு உள்ள போயிடுச்சு, நாளைலேருந்து ராத்திரி வெறும் பழந்தான்’ என்று தாய் தன்னைப் பற்றித்தான் சொல்லிக்கொள்கிறாள். ஆனால் உண்டதற்குத் தண்டனை உண்டு என்று நோய் ஓதுவதையே அவளும் ஓதுகிறாள்.

சாப்பாட்டு வேளை

பந்தியில் இலை போட்டு உட்கார வைத்தால், கேட்காமலே கரண்டி வந்துகொண்டிருக்கும். ‘போதும்’ என்று இலைக்கு மேல் கையை நீட்டினால் விரல்களுக்கு நடுவே இன்னொரு வடை விழும். இவருக்கு இது பெரும் துன்பம். எவ்வளவு என்று முன்பே பேசி வைத்த உணவை, துணையாக இருப்பவர் ஒருவரே பரிமாறட்டும். அச்சமூட்டும் பண்டம் ஒன்றைச் சேர்ப்பதாக இருந்தால், அது சிகிச்சையில் ஏற்கெனவே பழகிப் பார்த்ததாக இருக்கட்டும். முதன்முறையாகச் சோதித்துப் பார்க்கப் பண்டிகை நாள் ஏற்றதல்ல.

வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் அணுகுமுறை வேறுபடும். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை, அனோரெக்சியா உள்ள பிள்ளையின் உணவுப் பொறுப்பைச் சிறிது காலம் பெற்றோரே ஏற்கச் சொல்கிறது. உங்கள் பிள்ளைக்கு அப்படிப்பட்ட சிகிச்சை நடந்துகொண்டிருந்தால், ‘பண்டிகை நாளாச்சே, பாவம், விட்டுவிடுவோம்’ என்று ஒரு வேளையை விடுவது அன்பாகாது. குரலை உயர்த்தாமல், ‘கஷ்டமா இருக்குன்னு தெரியுதுப்பா. நான் பக்கத்துலயேதான் இருக்கேன். அடுத்த வாய் எடுத்துக்கோ’ என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். கெஞ்சலும் பேரமும் மிரட்டலும் வேண்டாம். வயது வந்தவரிடம் அந்த உரிமை உங்களுக்கு இல்லை. ‘நான் என்ன செஞ்சா உனக்குச் சுலபமா இருக்கும்?’ என்று கேட்டு, அவர் சொன்னபடி செய்யுங்கள்.

இரண்டு கவளத்திலேயே வயிறு அடைத்துக்கொண்டது என்று அவர் சொன்னால் அது நடிப்பல்ல. பட்டினியில் இரைப்பை மெதுவாகவே காலியாகும் என்பதால் வயிற்றுப்பொருமல் உண்மையாகவே இருக்கும். ஒழுங்காக உண்ணத் தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலும் குறையும். அதை மறுக்காமல், ‘ஆமாம், அப்படித்தான் இருக்கும்னு டாக்டரும் சொன்னார், போகப்போகச் சரியாகும்’ என்று ஒப்புக்கொண்டு பேசுவது நல்லது.

உண்டு முடித்தபின் வரும் ஒரு மணி நேரம்தான் பலருக்கு மிகவும் வதைக்கும் நேரம். அதைத் தனிமையில் கழிக்க விடாதீர்கள். சீட்டாட்டம், தொலைக்காட்சி, மாலைக்கான மத்தாப்புகளைப் பிரித்து வைப்பது, குழந்தைகளோடு மாடிக்குப் போவது என்று எதையாவது முன்பே திட்டமிட்டு வையுங்கள். கழிப்பறை வாசலில் காவல் நிற்காதீர்கள். இந்த ஒரு மணி நேரம் சேர்ந்தே இருப்போம் என்று முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்வதே சரியான வழி. அதையும் மீறி வாந்தி எடுத்துவிட்டால், திட்டாமல், வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். உடனே பல் துலக்கினால் அமிலத்தில் ஊறிய பற்களின் மேற்பூச்சு தேயும். அடுத்த வேளை உணவு அதன் நேரத்தில் வர வேண்டும். ஈடுகட்டப் பட்டினி போட்டால் அந்தச் சுழல் மீண்டும் தொடங்கிவிடும்.

பலகார டப்பாக்கள், புதுத்துணி, புகைப்படம்

கட்டுப்பாடிழந்து உண்பவர் இருக்கும் வீட்டில் பலகாரத்தைப் பூட்டி வைப்பது அவரைத் திருடராக்கும் செயல். அலுவலகத்திலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் வந்து குவியும் டப்பாக்களை எத்தனை நாளுக்குள் யாருக்குக் கொடுத்துவிடுவது என்பதை அவரோடு சேர்ந்தே முடிவு செய்யுங்கள். அவருக்கு இனிப்பே கூடாது என்ற முழுத்தடையும் வேண்டாம். தடை எவ்வளவு இறுகுகிறதோ, அது உடையும்போது அவ்வளவு வேகமாக உடையும். உட்கார்ந்து, தட்டில் வைத்து, மற்றவர்களோடு சேர்ந்து ஓர் இனிப்பை உண்பதே பயிற்சி.

துணிக்கு அளவெடுப்பதையும் கடைக் கண்ணாடி அறையையும் தவிர்க்க, தளர்வான சல்வாரோ குர்த்தாவோ வாங்கி, அளவுச்சீட்டை வெட்டிவிட்டுக் கொடுக்கலாம். குடும்பக் குழுவில் புகைப்படம் போடுவதற்கு முன் அவரைக் கேளுங்கள்.

நோன்பும் விரதமும்

தீபாவளி அமாவாசையில் கேதார கௌரி நோன்பு வருகிறது. மறுநாள் பிரதமையில் தொடங்கி ஆறு நாள் கந்த சஷ்டி விரதம். பாலும் பழமும் மட்டும், அல்லது தண்ணீர் மட்டும் என்று இருப்பவர்கள் நம் வீடுகளில் ஏராளம். உணவை ஒடுக்கும் நோய்க்கு இதைவிட மரியாதையான மறைவிடம் கிடைக்காது. ‘லங்கணம் பரம ஔஷதம்’, அதாவது பட்டினியே சிறந்த மருந்து, என்று பெரியவர்களும் மெச்சுவார்கள். நோயுற்றவர் இவ்வாண்டு விரதம் இருக்கக் கூடாது என்பதில் நான் எந்தத் தயக்கமும் இன்றி உறுதியாக இருக்கிறேன். நோயாளிகளுக்கு நோன்பிலிருந்து விலக்கு அளிக்காத சமயம் எதுவும் நம்மிடையே இல்லை. பக்திக்கு வேறு வடிவம் கொடுங்கள்: சஷ்டி கவசம் படிக்கட்டும், மாலையில் கோயிலுக்குப் போய் வரட்டும், அன்னதானத்தில் பரிமாறிவிட்டு அவரும் உட்கார்ந்து உண்ணட்டும். வீட்டில் மற்றவர்கள் விரதம் இருந்தால், அவர் தனியே சாப்பிட நேராதபடி ஒருவராவது அவரோடு சேர்ந்து உண்ண வேண்டும். ஆறு நாளும் அந்த ஒருவர் விரதத்தை விட்டுக்கொடுப்பதும் ஒரு வழிபாடுதான் என்பது என் நம்பிக்கை.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

மயங்கி விழுதல், நெஞ்சுப் படபடப்பு, குந்திய நிலையிலிருந்து எழ முடியாத தளர்ச்சி, வாந்தியில் இரத்தம், வலிப்பு, பேச்சில் குழப்பம், தண்ணீரைக்கூட மறுத்தல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும், விருந்தாளிகள் இருக்கிறார்களே என்று பார்க்காமல் 108-ஐ அழைத்து, பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே பணியில் இருக்கும் மருத்துவரிடம், எத்தனை நாளாகச் சரியாக உண்ணவில்லை, வாந்தி எடுப்பதுண்டா என்பதைக் கூச்சமின்றிச் சொல்லுங்கள். இந்த நோயில் உயிரிழப்பவர்களில் ஒரு பகுதியினர் தற்கொலையால் இறக்கிறார்கள். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாமல், ‘செத்துப்போகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியே விடாதீர்கள். 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, குடும்பத்தினரும் தங்களுக்காக அழைக்கலாம்.

மற்ற பிள்ளைகளை மறந்துவிட வேண்டாம். அக்காவின் தட்டையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், தம்பிக்கும் அன்று தீபாவளிதான். அவனோடு வெடி வெடிக்க ஒரு மாமாவையோ சித்தப்பாவையோ முன்பே கேட்டு வையுங்கள். துணையாக இருப்பவரும் மதியம் அரை மணி நேரம் படுத்து எழ, இன்னொருவர் பொறுப்பேற்க வேண்டும்.

பண்டிகை முடிந்த மறுநாள் காலை உணவு வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் இருக்கட்டும். அந்த வாரத்துக்குள்ளேயே சிகிச்சைக் குழுவோடு ஒரு சந்திப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வேளை நன்றாகப் போனது, எந்த நேரத்தில் தடுமாறினார், யார் என்ன சொன்னார்கள் என்பதை மறப்பதற்குள் அவரும் நீங்களும் சேர்ந்து எழுதி எடுத்துச் சென்றால், தைப்பொங்கலுக்கான திட்டத்தை அங்கேயே உட்கார்ந்து போட்டுவிடலாம்.